வௌவால் கடித்த கை

செப்டம்பர் 3, புதன்

என் பொய்கள் எல்லாம் இன்று ரேஷன் கடை வாசலில் ஒன்றாகக் கூடிவிட்டன.

லாஸ்யாவின் வலது கை ஏன் மூடியே இருக்கிறது என்று யாராவது கேட்டால், வாய்க்கு வந்ததைச் சொல்லிவிடுவேன். இறால் குளத்துக்காரர் மனைவியிடம் தேள் கொட்டியது என்றேன். மளிகைக் கடைக்காரரிடம் ஊசி போட்ட இடம் வீங்கிவிட்டது என்றேன். பேருந்தில் ஒருத்தி விடாமல் நச்சரித்தாள். அவளிடம் வௌவால் கடித்தது என்றேன். ராவுலபாலம் ஊர்க்காரி, இனி எங்கே பார்க்கப் போகிறோம் என்று நினைத்தேன். அவள் மளிகைக் கடைக்காரருக்கு மச்சினியாம்.

பாப்பாயம்மா அக்கா அரிசிப் பையோடு நேரே என் வாசலுக்கு வந்தாள். பத்து வருடமாக எனக்கு எதிரே உட்கார்ந்து பூதரேகு என்ற அரிசிமாவு இனிப்பு போடுகிறவள். அடுப்பில் கவிழ்த்த பானையின் முதுகில் நான் மாவுத் துணியை இழுப்பேன். காகிதத்தைவிட மெல்லிசாக வெந்து வரும் ரேகு இதழை அவள் உரித்து அடுக்குவாள்.

"ஏண்டி மங்கா, உம் பொண்ணுக்குத் தேளா, ஊசியா, வௌவாலா?"

"மூணும்தான்கா. தேளும் ஊசியும் வௌவால் மேல ஏறி வந்துச்சு."

எப்போதும் சிரிப்பவள். இன்று சிரிக்கவில்லை.

"எங்கிட்ட என்னடி சொன்ன? தொட்டில்ல ஒருக்களிச்சுப் படுத்ததுல நரம்பு பிசகிடுச்சுன்னு. நாலு வருஷமா நான் எண்ணெய் காய்ச்சி உருவிவிடுறேன். அதுவும் வௌவால்தானா?"

அவள் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

செப்டம்பர் 4

அக்கா வேலைக்கு வரவில்லை. இழுப்பதும் உரிப்பதும் நானே. பாதி ரேகு கிழிந்தது. கிழிந்ததை லாஸ்யா தின்றாள். அவளுக்கு நல்ல நாள்.

செப்டம்பர் 7, ஞாயிறு

இரவு கிரகணம். மதியமே கோயிலைச் சாத்திவிட்டார்கள். தெருவில் ஓர் அடுப்பும் எரியவில்லை.

அண்ணி போன் செய்தாள். வீட்டுக்காரரின் அக்கா, சத்தியவேணி. பக்கத்து ஊர்தான். கிரகணம் பிடிக்கும்போதெல்லாம் அவளுக்கு என் ஞாபகமும் வந்துவிடும்.

"எதையும் மடிக்காத, நறுக்காத. அன்னிக்கே என் பேச்சைக் கேட்டிருந்தா அந்தப் புள்ளை கை இப்படி மடிஞ்சிருக்குமா?"

"இப்ப நான் முழுகாம இல்ல அண்ணி. உங்க தம்பி குவைத்துல இருக்காரு. நான் முழுகாம இருந்தா ஊரே கூடியிருக்கும்."

போனை வைத்துவிட்டாள்.

கொஞ்ச நேரம் தனியாகச் சிரித்தேன். அப்புறம் சிரிப்பு தானாக நின்றுவிட்டது.

இது எனக்கும் இந்தத் தாளுக்கும் மட்டும்தான். லாஸ்யா வயிற்றில் இருந்தபோது ஒரு கிரகணம் வந்தது. கையில் ஒரு கல்யாண ஆர்டர் இருந்தது. அன்று நான் ரேகு மடித்தேனா? ஞாபகமே இல்லை. நாள் முழுக்க மடிப்பதுதானே என் பிழைப்பு — நெய் தடவி, வெல்லப்பொடி தூவி, மடி, மடி. போன வருடம் வீட்டுக்காரரே போனில் கேட்டார், "அன்னிக்கு மடிச்சியா மங்கா?" என்று. இல்லை என்றேன். அதிலிருந்து போன் குறைந்துவிட்டது. பேசினாலும் பிள்ளை சாப்பிட்டாளா என்று மட்டும் கேட்பார். கையைப் பற்றிக் கேட்க மாட்டார்.

படம் எடுத்துப் பார்த்த பெரிய டாக்டர் சொன்னது இதுதான்: பிறப்பதற்கு முன்பே, வயிற்றுக்குள் இருக்கும்போதே, மூளையில் ரத்தம் அடைத்துப் பக்கவாதம் வந்திருக்கிறது. பக்கவாதமாம்! எங்கள் ஊரில் அது கள்ளுக்கடைக் கிழவர்களுக்கு வருவது. பிறக்காத பிள்ளைக்கு வந்தது என்று சொன்னால் எவள் நம்புவாள்? அதற்கு வௌவால் தேவலை.

செப்டம்பர் 16, செவ்வாய்

ராஜமுந்திரி ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தோம். கை கால் பயிற்சி சொல்லித் தருகிற ஷாஹீன் அம்மாவுக்கு என்னைவிட வயது குறைவுதான். ஆனாலும் அம்மாதான். பிள்ளை என்னென்ன செய்கிறாள் என்று எழுதி வையுங்கள் என்று சொன்னதும் அவர்தான். ஐந்தாம் வகுப்போடு எழுத்தை விட்டவளுக்கு வந்த வாழ்வு! உரக்கடையில் சும்மா கொடுத்த டைரி இது. அவர் கேட்டதை விட்டுவிட்டு மற்றதெல்லாம் எழுதுகிறேன்.

"விளையாடுற நேரத்துல மட்டும் இடது கைக்கு ஒரு உறை போட்டு விடுங்கம்மா. அது சும்மா இருந்தாத்தான், வலது கை நாமதான் எழுந்திருக்கணும்போலன்னு எழும்."

"எங்க வீட்டுக்காரர் மாதிரிங்க. வேற ஆள் இருந்தா தூங்குற மாதிரியே நடிக்கும்."

அவர் சிரித்தார். நான் சொன்னதற்கு ஒருவர் சிரித்து எத்தனை நாளாகிறது! அந்தத் தைரியத்தில் கேட்டுவிட்டேன்: "நான் கிரகணத்துல மடிச்சதாலயா?"

அவர் லாஸ்யாவின் விரல்களை ஒவ்வொன்றாக விரித்துக்கொண்டே சொன்னார்: "இங்க வர்ற அம்மா ஒவ்வொருத்தருகிட்டயும் ஒரு காரணம் இருக்கு. ஒருத்தங்க மாடிப்படி ஏறினாங்களாம். ஒருத்தங்க பப்பாளி தின்னாங்களாம். ஒருத்தங்க மாமியாரைத் திட்டினாங்களாம். அதெல்லாம் எதுவும் இல்ல. ஏன் வந்துச்சுன்னு முக்காவாசி நேரம் எங்களுக்கே தெரியாது. நீங்க செஞ்சது இல்ல. அது மட்டும் தெரியும்."

"மாமியாரைத் திட்டினா வரும்னா, எங்க தெருவுல ஒரு புள்ளைக்கும் கை விளங்கியிருக்காதுங்க."

திரும்பும்போது பேருந்தில் ஜன்னல் பக்கமாகத் திரும்பிக்கொண்டேன். லாஸ்யா என் முந்தானையை எடுத்து என் மூக்கைத் துடைத்துவிட்டாள். இடது கையால்தான்.

செப்டம்பர் 18

உறை கிடைக்கவில்லை. வீட்டுக்காரர் விட்டுப்போன கால் சாக்ஸை மாட்டிவிட்டேன். அப்பாவின் வாசனை வருகிறதா என்று மோந்து பார்த்தாள். பிறகு, பிள்ளை பிடிக்கிறவளைப் பார்ப்பது மாதிரி என்னைப் பார்த்தாள்.

செப்டம்பர் 25

தரையில் பொம்மை. சாக்ஸ் மாட்டிய கையால் தள்ளினாள். காலால் இழுத்தாள். வாயால் கவ்வினாள். வலது கையைத் தவிர எல்லாம் வேலை செய்கிறது.

அக்கா சுவருக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தாள். அவளுக்கு என்னோடு பேச்சில்லை, அதனால் தன் சேவலிடம் சொன்னாள்: "இடது கையைக் கட்டிப் போடுன்னு நான் அன்னிக்கே சொன்னேன். நம்ம பேச்சு யாருக்கு ஏறுது? டவுன்காரி சொன்னா ஏறுது."

சேவல் கழுத்தை ஆட்டியது.

அவள் சொன்னது உண்மை. கைக்குழந்தையாக இருந்தபோதே லாஸ்யா எல்லாவற்றையும் இடது கையால் பிடுங்குவாள். எம் பொண்ணு கிரிக்கெட்டுல சிக்ஸர் அடிப்பாடி என்று நான் தெருவெல்லாம் பீற்றிக்கொண்டிருந்தேன். சோத்துக்கைக்கு மாற வேண்டும், இடது கையைத் துணியால் கட்டு என்றாள் அக்கா. எல்லார் வீட்டிலும் செய்வதுதான். ஒருநாள் கட்டினேன். எதிரே கிலுகிலுப்பை கிடந்தது. லாஸ்யா அதைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடியும் அதைப் பார்த்தாள். வலது கை அசையவே இல்லை. மறுநாளே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

அதை அக்காவிடம் அப்போதே சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை? சொன்னால் அவள் பாவம் என்பாள். பாவம் என்று ஒருத்தி சொல்லிவிட்டால் அதற்கு மேல் என்ன கேலி பேச முடியும்?

அக்டோபர் 20

தீபாவளி. அவர் போன் செய்தார். பிள்ளை சாப்பிட்டாளா என்றார். சாப்பிட்டாள்.

நவம்பர் 11

வலது கைக் கட்டைவிரல் வெளியே வந்தது. உள்ளே போய்விட்டது. கூப்பிட்டுச் சொல்லச் சுவருக்கு அந்தப் பக்கம் பார்த்தேன். சேவல்தான் நின்றது. அதனிடம் சொன்னேன்.

டிசம்பர் 9, செவ்வாய்

அண்ணி வந்தாள். தை மாதப் பஞ்சமிக்கு அவள் பேரனுக்கு அட்சராப்யாசமாம். எங்கள் தெரு அங்கன்வாடியில் அர்ச்சகர் வந்து எல்லாப் பிள்ளைகளுக்கும் அரிசியில் கை பிடித்து எழுத வைக்கிறாராம்.

"லாஸ்யாவுக்கும் நாலு முடிஞ்சிடுச்சு அண்ணி."

அவள் காபியை ஊதினாள். "பீச்சாங்கையால சரஸ்வதியைக் கூப்பிட்டா அவ வருவாளா? கை வரட்டும். அப்புறம் பாத்துக்கலாம்."

"கை வரலைன்னா?"

"சும்மா கேக்குற மாதிரி கேக்காத மங்கா. சபையில உனக்குத்தான் அவமானம்."

எனக்கு அவமானமா? என்னைத் தெரியாதா அவளுக்கு? ஊர்க் கூட்டத்தில் தலைவரின் விக்கைப் பற்றிப் பேசியவள் நான். லாஸ்யா அத்தையின் பையிலிருந்து பிஸ்கட்டை எடுத்தாள், இடது கையால். அண்ணி அந்தக் கையை ஒரு தட்டு தட்டினாள். பலமாக இல்லை. எல்லாரும் தட்டுவது மாதிரிதான்.

லாஸ்யா அழவில்லை. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

டிசம்பர் 10

அது கண்ணிலேயே நிற்கிறது.

பஞ்சமிக்குப் போவோம். எந்தக் கை வந்தாலும் சரி. வராவிட்டாலும் சரி.

ஜனவரி 14, புதன்

போகி. சாயங்காலம் பிள்ளைகள் தலையில் இலந்தைப்பழமும் பூவும் சில்லறையும் கொட்டுவோமே, இந்த வருடம் லாஸ்யாவுக்குச் செய்யலாம் என்று தெருவில் எல்லாரையும் கூப்பிட்டேன். புதுப் பாவாடை கட்டி மனையில் உட்கார வைத்தேன். வருகிறேன் என்றவர்கள் ஒருவரும் வரவில்லை. எல்லார் வீட்டிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள், அவரவர் வேலை அவரவருக்கு. அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். இருட்டுகிற வரை வாசலைப் பார்த்தபடியே இருந்தாள் லாஸ்யா. "யாரும்மா வருவாங்க?" என்று ஒரு தடவைதான் கேட்டாள்.

கடைசியில் நானே கொட்டினேன். நானே ஆரத்தி எடுத்தேன். பாட்டும் நானே பாடினேன். என் குரலுக்குத் தெரு நாய்தான் வந்தது.

அதற்குப் பின்னால் பாப்பாயம்மா அக்கா. கை நிறைய இலந்தைப்பழம்.

"நல்ல நாளும் அதுவுமா ஏண்டி இப்படி ஓலமிடுற? கறவை மாடு மிரளுது."

லாஸ்யா தலையில் கொட்டிவிட்டு அங்கேயே நின்றாள். அப்போது சொன்னேன். டாக்டர் சொன்னதை, சொன்னபடியே. வயிற்றுக்குள் வந்தது. எண்ணெய்க்கு விரியாது. சரியாகுமா என்று தெரியாது.

பாவம் என்று சொல்லப் போகிறாள் என்று காத்திருந்தேன்.

"பொறக்கும் முன்னாடியேவா?" என்றாள். "அடி அம்மா. அதையெல்லாம் தாண்டிட்டா இவ வந்து நிக்குறா?" பிறகு என் பக்கம் திரும்பினாள். "வௌவாலாம், வௌவாலு! நாலு வருஷ எண்ணெய்க்கு என்னடி சொல்ற?"

"தோல் நல்லா பளபளன்னு இருக்குக்கா."

என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். இன்னும் எரிகிறது. நன்றாக இருக்கிறது.

ஜனவரி 15

அக்கா வேலைக்கு வந்தாள். ஒரு ரேகும் கிழியவில்லை. லாஸ்யாவுக்குத்தான் ஏமாற்றம்.

ஜனவரி 23, வெள்ளி

பஞ்சமி. அங்கன்வாடி முற்றத்தில் தட்டுத் தட்டாக அரிசி. அண்ணியின் பேரன் எழுதி முடித்துவிட்டு அரிசியைத் தின்றுகொண்டிருந்தான். லாஸ்யாவை மடியில் வைத்துக்கொண்டு நானும் உட்கார்ந்தேன். பின்னால் அக்கா. அவளுக்குப் பின்னால் அவள் சேவல். கூப்பிடாமலே வந்தது.

"வலது கையைக் கொடுங்கம்மா," என்றார் அர்ச்சகர்.

"இவளுக்கு வலது கை இடது பக்கத்துல இருக்குங்க."

அண்ணி எழுந்துவிட்டாள். "மங்கா! இங்கயும் உன் விளையாட்டா?"

"விளையாட்டு இல்ல அண்ணி. பொறக்கும் முன்னாடியே இவளுக்குப் பக்கவாதம் வந்துச்சு. இந்தக் கைதான் வேலை செய்யுது. சரஸ்வதிக்கு இது ஆகாதுன்னா எங்கிட்ட வந்து சொல்லட்டும்."

அர்ச்சகர் லாஸ்யாவைப் பார்த்தார். லாஸ்யா இரண்டு கையையும் பின்னால் கொண்டுபோகப் பார்த்தாள். அவர் குனிந்து இடது கையைப் பிடித்து அரிசியில் வைத்தார். "எழுதும்மா. சரஸ்வதியம்மா வீணையை ரெண்டு கையாலயும்தானே வாசிக்கிறா," என்றார்.

எழுதினாள். ஒரு பெரிய வட்டம், அதற்கு வால். எழுத்து மாதிரி இல்லை, கத்தரிக்காய் மாதிரி இருந்தது. எட்டி எழுதும்போது மடியிலிருந்து சரிந்தாள். விழாமலிருக்க எதையோ பிடித்தாள். என் கழுத்து இழுபட்டது. என் தாலிக் கருகமணி. வலது கையால்!

ஐந்து விரலும். நானே எண்ணினேன்.

விடு என்றால் அந்தக் கைக்கு விடத் தெரியாது. அவள் இழுத்தாள், நான் இழுக்கவில்லை. சரம் அறுந்து மணியெல்லாம் முற்றத்தில் தெறித்தது. "ஐயோ, என் தம்பி கடல் தாண்டி இருக்கான்டி!" என்று அண்ணி தலையில் கை வைத்தாள்.

அவளே தம்பிக்குப் போன் போட்டு, நடந்ததைச் சொல்லி என்னிடம் நீட்டினாள்.

"அறுத்துட்டாளா?" என்றார்.

"ஆமாங்க."

"எந்தக் கையால?"

"வலது கையால."

மூக்கை உறிஞ்சும் சத்தம் வந்தது.

"வேற வாங்கிக்க," என்றார். "அதையும் அறுக்கச் சொல்லு."

அக்காவும் நானும் மண்டியிட்டு மணிகளைப் பொறுக்கினோம். ஒரு கைப்பிடி கிடைத்தது. மீதியைச் சேவல் தின்றுவிட்டது. அதைக் கூடையால் மூடி வைத்திருக்கிறோம். காலையில் கூடையைத் தூக்கி மணி வெளியே வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.