இடது கால் மட்டும் வரவில்லை

திங்கட்கிழமை

அன்புள்ள வாண்டுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நம்புவதைத் தவிர எனக்கு வேறு வழியும் இல்லை. போன் செய்தால், குளிக்கிறாள் என்கிறார் உன் அத்தை. நேற்றும் குளித்துக்கொண்டிருந்தாய், முந்தாநாளும் குளித்துக்கொண்டிருந்தாய். இத்தனை குளியலுக்கும் சளி பிடிக்காமல் இருப்பது ஆச்சரியம்தான். சரி, பேச வேண்டாம். கடிதம் என்றால் உன் இஷ்டத்துக்குப் படிக்கலாம், மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டும் படிக்கலாம்.

மாமாவுக்கு வேலை மாற்றல் வந்த விஷயம் உனக்குத் தெரிந்திருக்கும். இப்போதே உன்னைப் பார்க்க ஒரு ராத்திரி முழுக்க பஸ்ஸில் வர வேண்டியிருக்கிறது. அவர்கள் போகப்போகும் ஊருக்கு ரயிலில் இரண்டு நாள். மாசக் கடைசிக்குள்ள ஏதாவது ஒண்ணு சொல்லிடு, எங்களோட வர்றான்னா அவளுக்கு அங்க ஸ்கூல் பார்க்கணும், உன்கிட்ட வர்றான்னா முதல்ல உனக்கு ஒரு வீடு வேணும்ல என்று அத்தை கேட்டார். அப்பா இறந்ததிலிருந்து உன்னைத் தன் பிள்ளையோடு பிள்ளையாக வைத்துப் பார்த்தவர், கேட்பதில் ஒரு தப்பும் இல்லை.

என் நிலைமை உனக்குத் தெரியும். விடுதியில் ஓர் அறைக்கு ஆறு கட்டில், பிள்ளைகளுக்கு அனுமதி இல்லை. ஆனால் எங்கள் மருந்துக் கிடங்கில் வேலை நிரந்தரமானவர்களுக்குப் பின்பக்கம் குவார்ட்டர்ஸ் உண்டு. ஓர் அறை, ஒரு சமையல் மூலை, தெருவைப் பார்த்த ஜன்னல். இரண்டு பேருக்குத் தாராளம். தரை துடைக்கிற வேலையில் இருந்து மருந்து எடுக்கிற பிரிவுக்கு என்னை மாற்றியிருக்கிறார்கள். அங்கே ஒரு சோதனை இருக்கிறது. தேறினால் நிரந்தரம், இல்லாவிட்டால் மறுபடி துடைப்பம், மறுபடி விடுதி.

இனிமேல் நீ சிரிக்கலாம். அந்தப் பிரிவில் எல்லோரும் சக்கரத்தில்தான் ஓடுகிறார்கள். உன் ஸ்கேட்டிங் ஷூ மாதிரியேதான், ஒரே வரிசையில் நாலு சக்கரம். கிடங்கு அவ்வளவு நீளம், ஆஸ்பத்திரிகளுக்கு மருந்து அவ்வளவு அவசரம். காலை உடைச்சுக்கிட்டு வந்து நிக்காதே என்று உன்னிடம் கத்திய வாய்தான் இது. இப்போது என் முழங்காலில் தோல் இருந்த இடத்தில் பிளாஸ்திரி இருக்கிறது.

நேராகப் போக வந்துவிட்டது. நிற்கவும் வந்துவிட்டது, சுவரில் மோதாமலே. திரும்புவதுதான் வரவில்லை. அலமாரிகளுக்கு நடுவே இருப்பதை நாங்கள் சந்து என்போம். கையை விரித்தால் இரண்டு பக்கமும் இடிக்கும் அகலம், கடைசியில் சுவர். இரண்டு கையிலும் கண்ணாடிக் குப்பி அடுக்கிய தட்டு. ஓடுகிற ஓட்டத்திலேயே ஒரு காலில் திரும்பி, முகம் சந்தின் வாசலைப் பார்க்க, முதுகுப்பக்கமாக உள்ளே உருள வேண்டும். காலை அகட்டித் திரும்பினால் தட்டு அலமாரியில் இடித்துவிடும். மருந்து ஒரு பக்கம் இருந்தால் வலது காலில் திரும்பணும், மறுபக்கம் இருந்தால் இடது காலில். அலமாரியைப் பிடித்தால் தோல்வி. விழுந்தால் தோல்வி.

என் கண்ணுக்குத் தெரிந்து இதைச் செய்கிறவள் நீ ஒருத்திதான். கோபத்தை ஒரு ஓரமாக வைத்துவிட்டு, எப்படி என்று மட்டும் எழுது. வேறு எதுவும் எழுத வேண்டாம்.

உன் அம்மா

*

சனிக்கிழமை

என் வாண்டுக்கு,

உன் பதில் கிடைத்தது. அன்புள்ள என்றும் இல்லை, இப்படிக்கு என்றும் இல்லை. டாக்டர் சீட்டு மாதிரி எழுதியிருக்கிறாய். உடை மாற்றும் அறையில் வைத்து அதை நான் திரும்பத் திரும்பப் படித்ததில், கொக்குக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கொக்கு என் பக்கத்துக் கட்டில்காரி. ஒற்றைக் காலில் நாள் முழுக்க நிற்பாள், அதனால் அந்தப் பெயர். யாருடி அது, இந்த வயசுல உனக்கு லெட்டர் போடுறது என்று கேட்டாள். என் வாத்தியார் என்றேன். கடிதத்தில் நீ போட்டிருந்த படத்தைக் காட்டினேன். குச்சிக் கைகாலோடு நீ வரைந்த அந்தப் பொம்பளை என்னைவிட ஒல்லி, அதற்கு நன்றி.

கீழே பார்க்காதே என்று அடிக்கோடு போட்டு எழுதியிருந்தாய் பார், அங்கேதான் என் வியாதியே இருந்தது. இத்தனை வருஷம் தரை துடைத்தவள் தரையைப் பார்க்காமல் எதைப் பார்ப்பேன்? ஓடும்போதும் கண் தானாகக் கீழே போய், எங்கே கறை இருக்கிறது என்று தேடுகிறது. கண் போனால் தலை போகிறது, தலை போனால் முழு உடம்பும் பின்னாலேயே போகிறது. நீ சொன்னபடி முதலில் தலை, பிறகு தோள், பிறகு இடுப்பு, கடைசியில்தான் கால் என்று மனப்பாடம் செய்துகொண்டு போனேன். முட்டியை மடக்கி, திரும்பும் நேரத்தில் மட்டும் கொஞ்சம் எழும்பினேன். புதன்கிழமை வலது கால் திரும்பிவிட்டது! சுவர் பின்னாலும் வாசல் முன்னாலும் இருந்தது. எனக்கே நம்பிக்கை வராமல் அங்கேயே நின்றுவிட்டேன். பின்னால் வந்த கொக்கு என் மேல் மோதாமல் தப்பித்தது அவள் கெட்டிக்காரத்தனம்.

இடது கால் மட்டும் வரவில்லை. தலை திரும்புகிறது, தோள் திரும்புகிறது, கால் மட்டும் மாட்டேன் என்று மரக்கட்டை மாதிரி நேராகவே போகிறது. இடுப்பில் ஒரு பக்கம் முழுக்கக் கன்றிப்போயிருக்கிறது.

இதைச் சொல்லக்கூடாது என்றிருந்தேன், ஆனால் உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது. என்னோடு சேர்ந்து கற்றுக்கொண்ட தையல்காரம்மா நேற்று இதே திருப்பத்தில் விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். குப்பிகள் நொறுங்கிய சத்தம் கிடங்கு முழுக்கக் கேட்டது. அவர் வலியில்கூட அழவில்லை, வேலை போச்சே என்றுதான் அழுதார். பழக்கம் விடாமல் நான் போய்க் கண்ணாடியைக் கூட்டினேன். எனக்குச் சோதனை வருகிற வெள்ளிக்கிழமை. நேற்று மதியத்திலிருந்து அந்தச் சந்தைத் தவிர்த்துச் சுற்றிக்கொண்டு போகிறேன்.

உன் கடிதத்தின் அடியில், மடிப்புக்குள் சின்ன எழுத்தில் எழுதியிருந்ததையும் படித்தேன். எனக்கும் இடது கால் வராது, கோச்சுக்குத் தெரியாது, அத்தைகிட்ட சொல்லாதே. சொல்ல மாட்டேன். இன்னும் இரண்டு வாரம் கழித்து ஞாயிற்றுக்கிழமை ஸ்கேட்டிங் கிளப்பில் உனக்கும் தேர்வு என்று அத்தைதான் சொன்னார். அதுவரை யாருக்கும் தெரியாமல் எப்படிச் சமாளிக்கிறாய்? முழங்கால் பட்டையைக் கட்டிக்கொள்கிறாயா? தலைக்கவசத்தின் வாரை இழுத்து மாட்டுகிறாயா, இல்லை, அழகு போய்விடும் என்று தொங்கவிடுகிறாயா?

அத்தை இன்னொன்றும் சொன்னார். அவகிட்ட கேட்டேன், அங்க வரமாட்டேன்னு சொல்றா, ஏன்னு கேட்டா கதவைச் சாத்திக்கிறா என்றார். நான் சரி என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். அன்றைக்கு முழுக்கச் சக்கரத்தில் நிற்கவே முடியவில்லை, நேராகப் போவதுகூட மறந்துவிட்டது. உனக்கு அங்கே கிளப் இருக்கிறது, தோழிகள் இருக்கிறார்கள், எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் அத்தை வீடு மாறினால் அந்தக் கிளப்பும் போய்விடும் என்பதையும் யோசித்துப் பார். முடிவை இப்போதே சொல்லாதே. முதலில் நான் வீட்டைச் சம்பாதிக்கிறேன். பிறகு வேண்டாம் என்று சொல்வதற்காவது உனக்கு ஒரு வீடு இருக்கும்.

உடம்பைப் பார்த்துக்கொள். தனியாகப் பழகாதே.

உன் அம்மா

*

வெள்ளிக்கிழமை மாலை

என் கண்ணுக்கு,

முதலில் விஷயம். தேறிவிட்டேன். குவார்ட்டர்ஸ் சாவி என் இடுப்பில் இருக்கிறது. நடக்கும்போது சத்தம் போடுகிறது, போடட்டும்.

நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் சூப்பர்வைசர் அம்மாவுக்கு நாங்கள் அலாரம் என்று பெயர் வைத்திருக்கிறோம். அவர் வாயைத் திறந்தால் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லோரும் எழுந்து நிற்பார்கள். சந்தின் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கிடங்கில் பாதிப் பேர் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். தட்டில் இருந்தது நிஜ மருந்து. வெறும் குப்பி வைக்கலாமே என்று கொக்கு எனக்காகக் கேட்டாள். வெறும் குப்பின்னா பயம் இருக்காது, பயம் இல்லாம யாரு வேணா திரும்பலாம் என்றார் அலாரம்.

வலது கால் சொன்னபடி கேட்டது. உன்னை நினைத்துக்கொண்டு தலையைத் திருப்பினேன், மீதி எல்லாம் பின்னால் வந்தது. அடுத்த சந்து, இடது கால். தலை திரும்பியது, தோள் திரும்பியது, கால் நேராகப் போனது. விழுந்தேன். விழும்போது என்ன தோன்றியதோ, இரண்டு கையையும் மேலே தூக்கிவிட்டேன். முதுகும் முழங்கையும் தரையில் அடித்தன, தட்டு என் தலைக்கு மேலே நின்றது. ஒரு குப்பிகூட உருளவில்லை. 

எழுந்திருக்கவே எனக்கு மனம் வரவில்லை. அவ்வளவுதான், எல்லாம் முடிந்தது, என் பிள்ளையை ரயில் ஏற்றி அனுப்பப் போகிறேன் என்று அந்தத் தரையிலேயே படுத்திருந்தேன். அலாரம் வந்து குனிந்து, என்னைப் பார்க்காமல் தட்டைப் பார்த்தார். விழுந்தா தோல்விதான், சட்டம் அப்படித்தான் இருக்கு, ஆனா மருந்து விழலையே என்றார். எழுந்து இன்னொரு தடவை வாங்க, இதுதான் கடைசி என்றார்.

முழங்கையில் ரத்தம் வழிய இன்னொரு தடவை போனேன். இடது கால் திரும்பியது! அலாரம் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு, போய் மருந்து போட்டுக்கங்க, தரையெல்லாம் ரத்தம் என்றார். அதையும் நானேதான் துடைத்தேன். அவருடைய பாராட்டு அவ்வளவுதான்.

எப்படித் திரும்பியது என்றுதானே கேட்கிறாய்? அதை இந்தக் கடிதத்தில் எழுதப்போவதில்லை. தந்திரம் ஒன்று இருக்கிறது, கொக்குக்குக்கூடச் சொல்லவில்லை. இங்கே லாரிகள் வந்து நிற்கிற முற்றம் ஞாயிற்றுக்கிழமை காலியாக இருக்கும், சிமெண்டுத் தரை வழவழவென்று இருக்கும். நீ வந்தால் அங்கே வைத்துக் காட்டுவேன். வராவிட்டால் தெரிந்துகொள்ள முடியாது. ஆமாம், இது மிரட்டல்தான். பெற்றவளுக்கு இந்த உரிமைகூட இல்லையா?

அத்தையிடமும் மாமாவிடமும் தேறிவிட்டதைச் சொல்.

உன் அம்மா

சனிக்கிழமை காலை

உறையை ஒட்டிவிட்டேன். வேலைக்குக் கிளம்பும்போது தபாலில் போடலாம் என்று பையில் வைத்தேன், மறுபடி பிரித்துவிட்டேன். உனக்கு நாளை விட்டு அடுத்த ஞாயிற்றுக்கிழமை தேர்வு. நான் இப்படித் தந்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, நீ அங்கே யாருக்கும் தெரியாமல் பழகி மணிக்கட்டை உடைத்துக்கொண்டால் நான் என்ன மனுஷி? அந்தக் குப்பி நொறுங்கிய சத்தம் காதிலேயே நிற்கிறது. இந்தா, எழுதிவிடுகிறேன்.

இடது கால் என்றதும் எனக்கு மூச்சு நின்றுவிடுகிறது. பயத்தில் வாயை இறுக்கி மூடிக்கொள்கிறேன். மூச்சு நின்றால் இடுப்பு இறுகுகிறது, இடுப்பு இறுகினால் கால் எப்படித் திரும்பும்? இது நேற்றுதான் எனக்குத் தெரிந்தது, அதுவும் தற்செயலாக. விழுந்து எழுந்ததும் எனக்குப் பொல்லாத கோபம். இரண்டாம் தடவை உருளும்போது வாய்விட்டுத் திட்டிக்கொண்டே போனேன். அலாரம் தன்னைத்தான் திட்டுகிறேன் என்று நினைத்திருப்பார். இல்லை. உன் அப்பாவைத்தான் திட்டினேன். இப்படிப் பாதியில விட்டுட்டுப் போயிட்டீங்களே, நல்லா இருக்கா உங்களுக்கு, நான் இங்க சக்கரத்துல உருண்டுக்கிட்டு இருக்கேன், பிள்ளை அங்க என்கிட்ட பேசமாட்டேங்குது என்று. அவர் போனதிலிருந்து ஒரு நாளும் அவரை நான் திட்டியதில்லை. சொல்லி முடிப்பதற்குள் வாசல் என் முன்னால் இருந்தது. எப்போது திரும்பினேன் என்றே தெரியவில்லை.

திட்டும்போது மூச்சை அடக்க முடியாது, அவ்வளவுதான் தந்திரம். இனிமேல் இதற்காக நீ இங்கே வர வேண்டியதில்லை.

முழங்கால் பட்டை கட்டிக்கொள். கவசத்தின் வாரை இழுத்து மாட்டு. இடது காலுக்கு வரும்போது யாரையாவது திட்டு, மனசுக்குள்ளே இல்லை, வாய்விட்டு. யாரைத் திட்டுவது என்று யோசிக்காதே, என்னைத் திட்டு. உன்னை விட்டுவிட்டு வந்தேனே, அதிலிருந்து ஆரம்பி. மிச்சம் வைக்காமல் திட்டு. பத்திரமாகத் திரும்பு, என் தங்கமே. அதற்கு மேலும் திட்ட மீதி இருந்தால் நேரில் வந்து திட்டு. கதவைத் திறந்து வைத்திருக்கிறேன்.

அம்மா