ஆப்ரே, ஆப்ரா

ஜூன் 3, செவ்வாய்
ஜூலையில் மெக்சிகோவிலிருந்து நான்கு பேர் எங்கள் பிளாஸ்டிக் மோல்டிங் லைனுக்குப் பயிற்சிக்கு வருகிறார்கள். கற்றுக்கொடுக்கப் போவது நான். நன்றாகச் செய்தால் அங்கே தொடங்கும் புது ஆலைக்கு மூன்று மாதம் அனுப்புவார்களாம். வீட்டுக்காரரிடம் சொன்னேன். "போயிட்டு வா புள்ள, இங்க நான் பாத்துக்கறேன்" என்றார் ராஜ்குமார், தோசையைத் திருப்பிக்கொண்டே. இவ்வளவு சுலபமாகச் சொல்வார் என்று நினைக்கவே இல்லை.

ஜூன் 19, வியாழன்
ஷிப்ட் பஸ்ஸில் ஸ்பானிஷ் பாடம், வருகிறவர்களின் மொழி. பேசுகிறார் என்றால் 'ஆப்லா'. அவர் பேச வேண்டும் என்று நாம் விரும்பினால் 'ஆப்லே'. சாப்பிடுகிறார், 'கோமே'. சாப்பிட வேண்டுமென்றால் 'கோமா'. 'ஆ' இருந்த இடத்தில் 'ஏ', 'ஏ' இருந்த இடத்தில் 'ஆ'. யார் வைத்த வம்பு இது?

ஜூன் 20
கேண்டீனில், கர்நாடக எல்லையோர ஜூஜுவாடியிலிருந்து வரும் மாரம்மாவிடம் புலம்பினேன். "நாம 'பேசட்டும், திங்கட்டும்'னு சொல்றமே, அதான? கன்னடத்துல 'மாத்தாடலி'ம்பாங்க" என்றாள். நடப்பது வேறு, நடக்கட்டும் என்பது வேறு. சோறு ஆறுவதற்குள் புரிந்துவிட்டது!

ஜூலை 15, செவ்வாய்
மெஷின் ஓடும்போதே இக்னாசியோ, வந்த நால்வரில் மூத்தவர், பாதுகாப்புக் கதவில் கை வைத்தார். "நோ ஆப்ரே!" என்று கத்தினேன். திறக்காதீர்கள் என்பதற்கு 'ஆப்ரா' என்றிருக்க வேண்டும். நான் சொன்னதற்கு 'கதவு திறக்கவில்லை' என்று அர்த்தம். மனுஷன் கதவு சிக்கிக்கொண்டது என்று நினைத்து இரண்டு கையாலும் இழுத்துவிட்டார். கதவு திறந்ததும் மெஷின் தானாக நின்று, பிளாஸ்டிக் அச்சுக்குள்ளேயே இறுகிவிட்டது. கையில் ஒன்றும் படவில்லை. பட்டிருந்தா? ஒத்த எழுத்து — நாப்பது நிமிஷம் லைன் போச்சு. மெக்சிகோவும் போச்சு.

ஜூலை 16
சூப்பர்வைசர் விமல்ராஜ் அறிக்கையில் 'பயிற்சிக்கு வந்தவரின் கவனக்குறைவு' என்று எழுதி வைத்திருந்தார். அப்படியே திரும்பிப் போகத்தான் பார்த்தேன். பிறகு சொல்லிவிட்டேன்.
"அவர் மேல தப்பில்ல சார். நான்தான் மாத்திச் சொல்லிட்டேன்."
"உங்க பேரு கெடும் சுகுணா. யோசிச்சுக்கங்க."
"கெடட்டும் சார்."

ஜூலை 17
ஐம்பது வினைச்சொற்கள் எழுதினேன். ஒன்றுகூடத் தப்பாகவில்லை. இப்போது வந்து என்ன?

ஆகஸ்ட் 8, வெள்ளி
பயிற்சி முடிந்தது. மெக்சிகோவுக்கு யாரை அனுப்பலாம் என்று மேனேஜர் கேட்டதும் இக்னாசியோ என்னைக் காட்டி, "கே என்சேஞே எய்யா" என்றார். மற்ற மூவரும் தலையாட்டினார்கள்.
"என்னம்மா சொல்றாரு?"
நானே மொழிபெயர்க்க வேண்டியதாயிற்று. "அவங்களே... கத்துக்குடுக்கட்டும்ங்கறாரு சார்."
காதெல்லாம் சுட்டது.

செப்டம்பர் 6, சனி
பாஸ்போர்ட் விசாரணைக்குப் போலீஸ்காரர் வந்தார். "மெக்சிகோவா? அங்க என்ன வேலை?" நான் வாய் திறக்குமுன் ராஜ்குமார், "சொல்லிக்குடுக்கப் போறாங்க சார்" என்றார். போலீஸ்காரர் எழுதியதை எட்டிப் பார்த்தேன். தொழில்: ஆசிரியை.
திருத்தச் சொல்லவில்லை.