கேள்விகள் சுலபமாகிக்கொண்டே வந்தபோது

என் பெரிய மனுஷிக்கு,

அடுத்த அறையில் இருப்பவளுக்கு எதற்குக் கடிதம் என்று கேட்பாய். நேரில் பேசினால் நான் உளறுவேன். போன வாரமே பார்த்தாயே.

நிதித்துறை மேற்படிப்புக்கான நுழைவுத் தேர்வில் மதிப்பெண் குறைந்ததும் நீ மூடிவைத்த கணினியை நேற்றுத் திறந்தேன். மிச்சமிருந்த இரண்டு பயிற்சித் தேர்வுகளில் ஒன்றை எழுதிவிட்டேன். திட்டாதே, முழுதும் படி.

முதல் கேள்வியிலேயே முழி பிதுங்கியது. குத்துமதிப்பாகத் தட்டினேன். போகப் போகக் கேள்விகள் சுலபமாகின. லிஃப்ட் பழுதுபார்க்கிறவனுக்கு இவ்வளவு மூளையா என்று எனக்கே புல்லரித்தது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"தப்பாப் போட்டாத்தான் அடுத்தது சுலபமா வரும்னு உங்க பொண்ணு சொன்னாளே. அது உங்களப் பாத்துப் பரிதாபப்படுதுங்க!" என்றாள்.

என் மதிப்பெண்ணை எழுத மாட்டேன். குடும்ப மானம் என்று ஒன்று இருக்கிறது.

போன வாரம் தேர்வு முடிந்து நீ வெளியே வந்து, "போகப் போகக் கஷ்டமாவே வந்துச்சுப்பா. பயந்துபோய்க் கடைசி நாலஞ்சு கேள்விய விட்டுட்டேன்" என்றாய். நான் பெரிய ஞானி மாதிரி, "இருக்கற வேலையே போதும்மா, விடு" என்றேன். நீ படிக்கப் போய்விட்டால் இந்த வீடு எப்படி இருக்கும் என்பது வேறு விஷயம். அது தேர்வில் வராத கேள்வி.

நீ சரியாகப் போடப் போடத்தானே கஷ்டமாக வந்திருக்கிறது. உன்னை அந்தத் தேர்வு எவ்வளவு தூரம் உள்ளே கூட்டிப்போயிருக்கிறது! என்னை வாசலிலேயே உட்காரவைத்துவிட்டது.

இன்னொரு பயிற்சித் தேர்வை நான் தொடவில்லை. கணினியைச் சார்ஜ் செய்து உன் கதவோரம் வைத்திருக்கிறேன். நீ எழுதும்போது தும்மக்கூட மாட்டேன்.

இப்படிக்கு,
சுலபமான கேள்விகளிலும் கோட்டைவிட்ட
உன் அப்பா