தனியா நின்னா வீட்டுப் பேரு

இன்று வேலை முடிந்து தொழிற்சாலை கேண்டீனில் ஜப்பானிய வகுப்பு நடத்திக்கொண்டிருந்தேன். புதிதாகச் சேர்ந்த ஆபரேட்டர் பெண் ஒருத்தி, கான்ஜி எழுத்துகளைப் பார்த்துத் தலைவலி வந்து நெற்றியில் தைலம் தேய்த்தாள். அந்த வாசனை போதும், நீ வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாய்.

நம் கம்பெனி பஸ்ஸில் உன் தைல வாசனைதான் எப்போதும். சிம்பாங் அம்பாட்டில் ஏறிக் கடல் பாலம் தாண்டி பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை சேரும்வரை மடியில் சோற்று டப்பா, கையில் போன், போனில் கான்ஜி. ஜப்பானிய மொழிப் பரீட்சையில் தேறினால் ஜப்பானில் பயிற்சி, திரும்பி வந்தால் டெக்னீஷியன் வேலை என்று கம்பெனி சொல்லியிருந்தது. "ஆபரேட்டராவே ரிட்டையர் ஆகணுமா லா?" என்று நீதான் என்னையும் இழுத்துவிட்டாய்.

ஒரே எழுத்துக்கு எதற்கு இரண்டு உச்சரிப்பு என்று நான் எரிந்து விழுந்தபோது, உன் அடையாள அட்டையை எடுத்துக் காட்டிச் சிரித்தாய். "உனக்கு ஐசியில ஒரு பேரு, வீட்டுல ஒரு பேரு இல்லையா? அதுக்கும் அப்படித்தான். தனியா நின்னா வீட்டுப் பேரு, இன்னொண்ணோட சேர்ந்தா ஐசி பேரு." மலை என்ற எழுத்து தனியே நின்றால் யாமா, சேர்ந்தால் சான். உன் கணக்கு எல்லா இடத்திலும் சரிவராதுதான். எனக்கு அது போதுமாயிருந்தது. உழைப்பு என்ற எழுத்தை ஆள், பாரம், பலம் என்று பிரித்துக் காட்டி, "பாரு, நம்ம போட்டோதான்" என்றாய்.

பிறகு உனக்குப் புற்றுநோய் என்றார்கள். அடுத்த வருஷம் எழுதலாமே என்றேன். "பரீட்சை அடுத்த வருஷமும் வரும். நான் வரணுமே" என்றாய். முடி கொட்டிய தலையில் துணியைக் கட்டிக்கொண்டு வந்து எழுதினாய். நான் தட்டுத்தடுமாறித் தேறினேன். உனக்கோ எழுத்துப் பகுதியில் முழு மதிப்பெண். படுக்கையிலிருந்தே உன் வீட்டுக்காரரிடம் போனை நீட்டிக் காட்டினாயே, அந்த முகத்தை நினைத்தால் இன்றும் எனக்கு அவ்வளவு பெருமையாக இருக்கிறது.

"நீ போ. அங்க போர்டுல இருக்கிறதெல்லாம் எனக்கும் சேர்த்து வாசிச்சிட்டு வா" என்றாய். உன்னைக் கடைசியாக வழியனுப்பிவிட்டுத்தான் போனேன். அங்கே ரயில் நிலையப் பலகைகளை ஒவ்வொன்றாக வாய்விட்டு வாசித்தேன். பக்கத்தில் நின்றவர்கள் கொஞ்சம் தள்ளி நின்றார்கள். இருக்கட்டும்.

இன்று உன் வீட்டுப் பேரு, ஐசி பேரு கணக்கைச் சொன்னதும் அந்தப் பெண் தைல பாட்டிலை மூடி வைத்தாள்.

"இத உங்களுக்கு யாருக்கா சொன்னது?"

"என் கூட்டாளி."

"அவங்க பேரு என்னக்கா?"

உன் பேட்ஜில் இருந்த ஐசி பெயர் வாய்வரை வந்துவிட்டது. ஆனால் அந்தக் கேள்வியில் நீ தனியாக அல்லவா நின்றாய். பஸ்ஸில் உன்னைக் கூப்பிடும் வீட்டுப் பெயரைச் சொன்னேன்.