காட்டேரி எந்த வாசலால் வருவாள்

2025 பெப்ரவரி 11, செவ்வாய்

தைப்பூசம். காலையில் கோயிலுக்குப் போய்விட்டு அப்படியே பாமசிக்குப் போனேன். பதினொரு மணிவரை பிரஷர் மாத்திரையும் சீனி வருத்த மாத்திரையும் எண்ணிக் கொடுத்ததுதான் வேலை. பிறகு தாடி வைத்த ஒருவர் வந்தார். மருந்துச் சீட்டு எதையும் நீட்டவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "ஏலக்காய் பங்களா படத்துல வாற காட்டேரி நீங்கதானே?" என்றார். இதற்கென்றே கொழும்பிலிருந்து வந்தாராம். போட்டோ எடுத்துக்கொண்டு, வந்ததற்கு இருக்கட்டும் என்று ஓர் அட்டை தலைவலி மாத்திரையும் வாங்கிப் போனார். இந்த மாதத்தில் இவர் மூன்றாவது ஆள். என் படம் போட்ட டீசேட் எல்லாம் விற்கிறார்களாம்.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. முப்பது வருஷமாகக் காட்டேரியோடு குடும்பம் நடத்துகிற மாடசாமிக்கு ஒருவரும் டீசேட் அடிக்கவில்லையே என்றார்.

பெப்ரவரி 13, வியாழன்

நேற்றுப் பௌர்ணமி, போயா லீவு, கடை பூட்டு. அந்தப் படத்தைப் போனில் மறுபடி பார்த்தேன். தொண்ணூற்றிரண்டில் எடுத்தது. எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. மாத்தளை மெயின் ஸ்ட்ரீட்டில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்த ஸஹாப்தீன் நானா, இரவல் கெமராவை வைத்துக்கொண்டு பதினெட்டு நாளில் எடுத்தார். யட்டவத்தப் பக்கம், துரை லீவில் போயிருந்த ஒரு தோட்டத்துப் பங்களாவில். டவுன் தியேட்டரில் ஒரு வாரம் ஓடியது. அதோடு எல்லோரும் மறந்தார்கள், நானும்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் யாரோ பழைய கசெட்டிலிருந்து இன்டர்நெட்டில் ஏற்றிவிட்டார்கள். இப்போது சென்னையிலும் டொரன்டோவிலும் படிக்கிற பிள்ளைகள் அதைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறார்கள்.

எல்லாம் ஒரு காட்சியால் வந்தது. மற்றப் படங்களில் பேய் கதவை உடைத்துக்கொண்டு வரும். இந்தப் படத்தில் காட்டேரி முன் வாசல்வரை வருகிறாள், நிற்கிறாள், பிறகு வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்னால் போகிறாள். சமையல் நடக்கிற குசினிக் கதவுக்கு வெளியே செருப்பை ஜோடியாகக் கழற்றி வைக்கிறாள். பிறகு உள்ளே போய்த் துரையின் இரத்தத்தைக் குடிக்கிறாள். டீசேட்டில் என் முகத்துக்குக் கீழே அந்தச் செருப்பும் இருக்கிறது.

போன வருஷம் டொரன்டோவிலிருந்து ஒரு மாணவன் போனில் பேட்டி எடுத்தான். அந்தக் காட்சி யார் யோசனை என்று கேட்டான். என் யோசனை என்றேன். அவள் தோட்டத்துத் தொழிலாளர் லயத்துப் பெண், லயத்துப் பெண் காட்டேரி ஆனாலும் முன் வாசலால் போகமாட்டாள், அதை யோசித்துத்தான் செய்தேன் என்று நீட்டி முழக்கினேன். அப்படி நான் ஒன்றையும் யோசிக்கவில்லை. பின்னே ஏன் சொன்னேன்? அவன் அவ்வளவு ஆசையாகக் கேட்டான். அவனுக்கு மட்டுமா ஆசை? எனக்கும்தான்.

மார்ச் 4, செவ்வாய்

ஸஹாப்தீன் நானாவின் மகள் மபாஸா வீட்டுக்கு வந்தாள். வந்ததும் பிளேன்டீ ஊற்றிக்கொண்டுபோய் முன்னால் வைத்துவிட்டேன். பிறகுதான் நோன்பு என்று ஞாபகம் வந்தது, வெட்கமாகப் போய்விட்டது. பரவாயில்லை ஆன்ட்டி என்று சிரித்தாள்.

இரண்டாம் பாகம் எடுக்கப் போகிறாளாம். நானாவுக்கு எழுபத்தொன்பது வயது, உட்கார்ந்த இடத்தைவிட்டு எழும்பமாட்டார், அதனால் இவள்தான் டைரக்டர். காட்டேரி முப்பத்துமூன்று வருஷம் கழித்து அதே பங்களாவுக்குத் திரும்பி வருகிறாள். யார் காட்டேரி என்று கேட்டேன். நீங்க இல்லாம யாரு ஆன்ட்டி என்றாள்.

சந்தோஷம். வேறு சொல் எதற்கு, சந்தோஷம்தான். இவரிடம் சொன்னதும், கடைவாய்ப் பல் இரண்டு போய்விட்டதே, எப்படிக் கடிப்பாய் என்று கேட்டார். கடிப்பது முன்பல்லால் என்றேன்.

மார்ச் 9, ஞாயிறு

கதையைத் தந்திருக்கிறாள். ஒரே மூச்சில் வாசித்தேன். நன்றாகத்தான் எழுதியிருக்கிறாள். பங்களா இப்போது வெள்ளைக்காரர்கள் வந்து தங்குகிற ஹோட்டல், உண்மையிலும் அப்படித்தான். காட்டேரி வருகிறாள். குசினிக் கதவு, செருப்பு. மறுபடி வருகிறாள். குசினிக் கதவு, செருப்பு. மூன்றாவது தடவை குசினித் தரையில் குந்தி உட்கார்ந்து அழுகிறாள். அதோடு படம் முடிகிறது.

வாசித்து முடித்தபோது எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை.

நடந்ததை இங்கேயாவது எழுதி வைக்கிறேன். என் அப்பா இராமையா அந்தப் பங்களாவில் இருபத்தாறு வருஷம் சமைத்தவர். நான் நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து அந்த வீட்டுக்குள் குசினிக் கதவால்தான் போயிருக்கிறேன். ஆறு வயதில் ஒருநாள் முன் படியில் ஏறி விளையாடியதற்கு அப்பா அடித்த அடி, அதற்கு முன்னும் அடித்ததில்லை, பின்னும் அடித்ததில்லை. படம் பிடித்த அன்று நானா சொன்னது முன் வாசலால் வா என்றுதான். துரை ஊரிலேயே இல்லை. முன் கதவு திறந்துதான் கிடந்தது. இரண்டு தடவை போய் நின்றேன், கால் ஏறவில்லை. மூன்றாவது தடவை கால் தானாகத் திரும்பிக் குசினிப் பக்கம் போய்விட்டது. கெமராவைத் தோளில் வைத்திருந்த நானா என் பின்னாலேயே ஓடிவந்தார். பிலிம் ஓடிக்கொண்டிருந்தது, அவருக்கு வேறு வழியில்லை. செருப்பைக் கழற்றியது எனக்கே தெரியாது. படத்தில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

என் பயத்தைத்தான் அத்தனை பேரும் கலை என்று கொண்டாடுகிறார்கள். இனி அதை மூன்று தடவை செய்து காட்ட வேண்டும்.

மார்ச் 12, புதன்

கோயில் தேர். பாமசிக்கு லீவு. கும்பிடும்போதும் முன் வாசல் ஞாபகம்தான்.

மார்ச் 16, ஞாயிறு

மபாஸாவுடன் போனில் பேசினேன். இந்தத் தடவை காட்டேரி முன் வாசலால் போகட்டுமே என்றேன். அவள் பொறுமையாகச் சொன்னாள். படத்துக்கு உதவி செய்கிறவர்கள் எல்லோரும் அந்தச் செருப்புக்காகத்தான் வருகிறார்களாம். அவளுடைய சின்ன வயதிலிருந்து அந்தக் காட்சியைத் தன் யோசனை என்றுதான் நானா வீட்டில் சொல்லி வந்திருக்கிறாராம். நானும் பேட்டியில் என் யோசனை என்றிருக்கிறேன். இரண்டு பேரும் சேர்ந்து யோசித்ததாக நினைத்துத்தான் கதையையே அதன் மேல் கட்டினாளாம். "இப்ப நீங்களே வேணாம்னு சொன்னா எப்படி ஆன்ட்டி?"

கடைசியில் இன்னொன்றும் சொன்னாள், மிரட்டலாக இல்லை. முடியாவிட்டால் கொழும்பில் ஒரு நடிகை இருக்கிறாராம், முதலாம் பாகத்தை மனப்பாடமாக வைத்திருக்கிறவர்.

மார்ச் 17, திங்கள்

தூங்கவில்லை.

அது என்னோட வேஷம். கொழும்புக்காரி வந்து செருப்பக் கழட்டுவாளாமே, அவளுக்கு என்ன தெரியும்? அவ எப்பவாவது பின்வாசல்ல நின்னிருக்காளா? ஆனா நான் சொன்னாத்தானே தெரியும். சொல்றதுன்னா பொய்யையும் சேர்த்துச் சொல்லணும். சொன்னா யாரு நான்? பயந்துபோய்ப் பின்னால ஓடின ஒரு பொண்ணு. டொரன்டோப் பையன் என்ன நினைப்பான்?

சொல்லாமலே இருந்தால் படம் கிடைக்கும். மூன்று தடவை செருப்பைக் கழற்றி, கடைசியில் குசினித் தரையில் குந்தி அழுதுவிட்டு வீட்டுக்கு வரலாம்.

முடியாது.

ஏப்ரல் 6, ஞாயிறு

நோன்புப் பெருநாள் முடிந்து ஒரு வாரம். நானாவின் வீட்டுக்குப் போனேன். இவர் ஆட்டோவில் கொண்டுபோய் விட்டார், உள்ளே வரவில்லை. இனிப்புக்கு வட்டிலாப்பம் வைத்தார்கள். சாப்பிடுவதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டேன். சாப்பிட்டால் சொல்ல வாய் வராது என்று தெரியும்.

என் யோசனை இல்லை, பயத்தில் கால் திரும்பியது, பேட்டியில் சொன்னது பொய். மபாஸாவைப் பார்த்துத்தான் சொன்னேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, தகப்பனைப் பார்த்தாள்.

நானா வெகுநேரம் சாய்மனைக் கதிரையின் பிரம்பைத் தடவிக்கொண்டிருந்தார். "மூணு தரம் சொன்னேன் புள்ள, முன்னால வா முன்னால வான்னு," என்றார். "நீ கேக்கல்ல. பொறகு பிலிமக் கழுவிப் பாத்தா நான் சொன்னத விட அது நல்லா இருந்திச்சு. நான் சொன்னதுன்னே வச்சிக்கிட்டேன்."

மபாஸா எழுந்து வெளியே போய்விட்டாள். தகப்பன் சொன்ன பொய் ஒன்று, நான் சொன்ன பொய் ஒன்று, இரண்டையும் நம்பி ஒரு வருஷம் உட்கார்ந்து எழுதியிருக்கிறது பிள்ளை. நானும் நானாவும் திருடிப் பிடிபட்டவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தோம். கடைசியில் வட்டிலாப்பத்தைச் சாப்பிடச் சொன்னார். சாப்பிட்டேன். ருசியாகத்தான் இருந்தது.

ஏப்ரல் 9, புதன்

போன் வரவில்லை.

ஏப்ரல் 11, வெள்ளி

வரவில்லை. கொழும்புக்காரிக்கு நல்ல பல் இருக்கும்.

ஏப்ரல் 15, செவ்வாய்

நேற்றுப் புத்தாண்டு. மபாஸாவின் போன் வந்தது, வாழ்த்துச் சொல்லத்தான் எடுக்கிறாள் என்று நினைத்தேன். வாழ்த்தும் சொன்னாள். பிறகு, முடிவை மாற்றி எழுதியிருப்பதாகச் சொன்னாள். கடைசித் தடவை காட்டேரி முன் வாசலால் வருகிறாள், செருப்போடு. ஹோலில் இருக்கிற ஹோட்டல் முதலாளியைக் கடிக்கிறாள். அப்படியும் எடுப்பாள், பழைய மாதிரி குசினித் தரையிலும் எடுப்பாள், எது நன்றாக வருகிறதோ அதை வைப்பாள். "கோவம் போகல்ல ஆன்ட்டி," என்றாள். "ஆனா அண்டைக்கு நீங்க சொன்ன கதை நான் எழுதினத விட நல்லா இருக்கு."

தகப்பன் பேச்சு அப்படியே மகளுக்கும் வந்திருக்கிறது. அதைச் சொல்லவில்லை.

மே 17, சனி

இன்று கடைசிக் காட்சி. எல்லாம் பகலில்தான், ஜன்னல்களுக்கும் முன் படிக்கு மேலேயும் கறுப்புத் துணி கட்டி இரவாக்கிவிட்டார்கள். பங்களாவுக்குப் புது வர்ணம், புது ஓடு. முன் படி மட்டும் அதே படி.

குசினித் தரையில் அழுகிற காட்சியைக் காலையில் முதலில் எடுத்தார்கள். ஒரே டேக்கில் முடிந்தது. அது எனக்குக் கஷ்டமே இல்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

பிறகு முன் வாசல். முதல் டேக், படிக்குக் கீழே செருப்பைக் கழற்றிவிட்டேன். இரண்டாவது டேக், செருப்போடு மூன்று படி ஏறினேன், விறாந்தையில் மறுபடி கழற்றினேன். முதலாளியாக நடிக்கிற பெரிய மனுஷன் உள்ளே கழுத்தை நீட்டிக்கொண்டு காத்திருந்தார், பாவம். எனக்கு ஐம்பத்தைந்து வயது. அப்பா போய்ப் பத்தொன்பது வருஷம். அந்த வீட்டில் இப்போது என்னை அடிக்க ஒருவரும் இல்லை. காலுக்கு இதெல்லாம் எப்படி விளங்கும்?

மபாஸா பக்கத்தில் வந்தாள். மெதுவாகத்தான் கேட்டாள்.

"ஆன்ட்டி, உங்கள யாராவது கூப்பிட்டா வருவீங்களா?"

அவள் உள்ளே போய்க் கெமராவுக்குப் பின்னால் நின்றாள். ஆரம்பம் என்று சொல்லவில்லை.

"உள்ளுக்கு வாங்க," என்றாள்.

போனேன். படி, விறாந்தை, நிலை, ஹோல். செருப்புச் சத்தம் டக்டக்கென்று கேட்டது. நேராக முதலாளியிடம் போய்க் கடிக்க வேண்டும். நான் போகவில்லை. ஹோலின் நடுவில் கிடந்த பெரிய கதிரையில் போய் உட்கார்ந்தேன். முன்னால் இருந்த குசினிச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தச் சுவரை ஹோல் பக்கம் உட்கார்ந்து நான் ஒருநாளும் பார்த்ததில்லை. எவ்வளவு நேரமோ தெரியாது. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. முதலாளி, இப்போது கடிக்கமாட்டீர்களா என்று தாழ்ந்த குரலில் கேட்டபிறகுதான் ஞாபகம் வந்தது.

கடியைத் தனியாகப் பின்னேரம் எடுத்தார்கள். நன்றாகக் கடித்தேன்.

வரும்வழியில் இவரிடம் சொன்னேன், நான் அந்த வீட்டில் ராணி மாதிரி உட்கார்ந்தேன் என்று. சரி மகாராணி, ஆட்டோவில் கொஞ்சம் தள்ளி உட்காருங்கள், காற்று வரட்டும் என்றார்.

ஓகஸ்ட் 3, ஞாயிறு

மபாஸா போன் எடுத்தாள். கடி இல்லை, வெட்டிவிட்டாள். குசினித் தரையும் இல்லை. காட்டேரி வந்து உட்காருவதோடு படம் முடிகிறது. கடிக்காத காட்டேரியை யார் பார்ப்பார்கள் என்றேன். வாப்பா இரண்டு தடவை பார்த்துவிட்டார் என்றாள். டொரன்டோப் பையனுக்கும் உண்மையைச் சொல்லிக் குரல்பதிவு அனுப்பிவிட்டேன். இன்னும் பதில் இல்லை.

ஒக்டோபர் 12, ஞாயிறு

மாத்தளை டவுன் மண்டபத்தில் படத்தைப் போட்டார்கள். தோட்டத்திலிருந்து ஒரு பஸ் நிறைய ஆட்கள் வந்திருந்தார்கள். கொழும்பிலிருந்து டீசேட் போட்டவர்களும் வந்திருந்தார்கள். நான் ஏழாவது வரிசையில், இவர் பக்கத்தில், அந்தப் பக்கம் நானா சக்கர நாற்காலியில்.

முதல் இரண்டு தடவை குசினிக் கதவால் போனபோது டீசேட்காரர்கள் கைதட்டினார்கள். தோட்டத்து ஆட்கள் தட்டவில்லை. கடைசியில் முன் படி வந்தது. நான் ஏறினேன், விறாந்தையைத் தாண்டினேன், உள்ளே போனேன், கதிரையில் உட்கார்ந்தேன். நானா என் கையைத் தட்டிக்கொடுத்தார். எனக்குப் பெருமையாக இருந்தது, மறைக்க என்ன இருக்கிறது.

அப்போது பின்னால் தோட்டத்து ஆட்கள் பக்கமிருந்து ஒரு பெண், திரையைப் பார்த்து, பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வதைப் போல மெதுவாகச் சொன்னாள்.

"நல்லா சாஞ்சு ஒக்காரு புள்ள."

திரையைப் பார்த்தேன். கதிரையின் நுனியில் உட்கார்ந்திருக்கிறேன். முதுகுக்கும் சாய்மானத்துக்கும் நடுவில் இன்னொரு ஆள் இருக்கலாம், அவ்வளவு இடம். கால் இரண்டும் எழும்புவதற்குத் தயாராக நிற்கிறது.