பெரிய வட்டம்

குட்டியின் அப்பாவுக்கு,

இங்கே விடாத மழை. பள்ளி விடுமுறை என்பதால் குட்டியை என் ஆய்வகத்துக்குக் கூட்டிப்போனேன். அணுத்துகள்கள் மோதி மத்தாப்பூவாய்ச் சிதறும் கோடுகளைத் திரையில் பார்த்து மெய்மறந்து நின்றாள்.

“எல்லாம் ஒரே இடத்துலேருந்து வந்ததாம்மா?”

“ஆமா. பக்கத்துப் பக்கத்துல இருக்கிறதை வட்டம் போட்டுச் சேர்த்தா, எதுலேருந்து சிதறுச்சுன்னு கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கலாம்.”

“தள்ளிப் போனது?”

“வட்டத்துக்குள்ள வராது.”

“வட்டம் எவ்வளவு பெரிசுன்னு யாரு சொல்றது?”

“நாங்கதான்.”

“அப்போ பெரிசாப் போடேன்!”

வீட்டுக்கு வந்ததும் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன்.

நீங்கள் தனி வீடு பார்த்துப் போனதைப் பற்றி எதுவும் எழுதப்போவதில்லை. ஞாயிறன்று வழக்கம்போல அவளைக் கொண்டுவந்து விடுவேன். இந்த முறை வாசலோடு திரும்பமாட்டேன். உள்ளே வருவேன்.

இப்படிக்கு,
குட்டியின் அம்மா