தோளில் இருந்த கை

காரைக்குடி,
ஆவணி கடைசி வெள்ளி.

அன்புள்ள ரேணுகாவுக்கு அத்தை முத்தழகு எழுதிக்கொள்வது. இங்கு நானும் உன் மாமாவும் நலம். உன் நலத்தையும், பாப்பா சினேகாவின் நலத்தையும், மாப்பிள்ளை குருநாதன் நலத்தையும் அறிய ஆவல். முதலில் ‘அன்பு மருமகளுக்கு’ என்றுதான் எழுதினேன். இனி அப்படி எழுதலாமா என்று தெரியாமல் அந்தத் தாளைக் கிழித்துப் போட்டேன். அத்தை என்று நீ கூப்பிடுவதை யாரும் தடுக்க முடியாது, அதனால் என் பெயரை மட்டும் தைரியமாக எழுதியிருக்கிறேன்.

போனில் சொல்லாமல் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனை எடுத்தால் பாதியில் அழுதுவிடுவேன். உன் பக்கத்தில் யார் இருக்கிறார்களோ, என்ன வேலையில் இருக்கிறாயோ. சத்துணவு மையத்தில் இருந்த காலம் முழுக்க மேலிடத்துக்கு எழுதி எழுதிப் பழகிய கை, எழுதுவது ஒன்றும் எனக்குக் கஷ்டமில்லை. மாமாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. தைலம் தேய்த்துவிட ஆள் வேண்டும், ஆனால் நான் தேய்த்தால் அழுத்துகிறேன் என்று கத்துவார். மழை இன்னும் சரியாக இல்லை. உழுது போட்டுவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் ஸ்டுடியோ அழகுசுந்தரம் போன் செய்தான். பாப்பாவுக்குக் காது குத்தி மொட்டை போட்ட அன்று, கண்டனூரில் அந்தப் பெரிய வீட்டை வாடகைக்கு எடுத்துக் குடும்பத்தோடு போட்டோ எடுத்தோமே, அதெல்லாம் இன்னும் அவன் கம்ப்யூட்டரில்தான் கிடக்கிறதாம். புதுசு வாங்கப் போகிறான், பழையதை அழிப்பதற்கு முன்னால் வந்து பார்த்து ஆல்பத்துக்கு எடுத்துக்கொடுங்கள் என்றான். எடுத்த புதிதிலேயே, அடுத்த வாரம் போகலாம், அடுத்த வாரம் போகலாம் என்று முத்தரசு சொல்லிக்கொண்டே இருந்தான். அதற்குள் திருப்பத்தூர் ரோட்டில் என் பிள்ளையை லாரிக்குக் கொடுத்தோம். அதன் பிறகு யாருக்கு ஆல்பம் ஞாபகம் இருந்தது?

அப்போது திதியும் நெருங்கியிருந்தது. கூடத்தில் மாலை போட்டு வைத்திருக்கும் படம், அவன் டிராக்டர் கம்பெனி அடையாள அட்டையில் இருந்ததைப் பெரிதாக்கியது. உனக்கே தெரியும், போலீஸ் பிடித்து உட்கார வைத்த மாதிரி முழிப்பான். நல்ல படம் ஒன்று மாட்டலாம் என்று தீபலட்சுமியைத் திருப்பத்தூரிலிருந்து வரச் சொல்லி, இரண்டு பேரும் ஸ்டுடியோவுக்குப் போனோம்.

அம்மாடி, எத்தனை படம்! ஒன்றில் மாமா கண்ணை மூடியிருக்கிறார், ஒன்றில் நான் வாயைத் திறந்திருக்கிறேன். யாரையோ ஏசிக்கொண்டிருந்திருப்பேன். பாப்பா மொட்டைத் தலையில் சந்தனத்தோடு, உன் தம்பி மடியில் ஊரைக் கூட்டி அழுகிறாள். அந்த வீட்டு வாட்ச்மேன் பாதிப் படங்களில் ஓரமாக நிற்கிறார். “தூணுல எண்ணெத் தலையச் சாய்க்காதீக, கறை புடிச்சா மொதலாளி என்னையத்தான் கேப்பாக” என்று நம் பின்னாலேயே வந்தாரே, அவரேதான். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே இருக்கும்போது அந்தப் படம் வந்தது.

படிக்கட்டில் முத்தரசு உட்கார்ந்திருக்கிறான். நீ ஒரு படி மேலே, அவன் தோளில் கை வைத்துக் குனிந்து காதில் ஏதோ சொல்கிறாய். அவன் உன் பக்கம் முகத்தைத் திருப்பி, பல் தெரியச் சிரிக்கிறான். என் வீட்டில் பிறந்து வளர்ந்தவன் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை, ரேணுகா. இதுதான், இதையே போடு என்று சொல்லிவிட்டேன்.

தீபலட்சுமி, உன்னை எடுத்துவிட்டு அவனை மட்டும் தனியாகப் போடச் சொன்னாள். “இன்னொருத்தர் வீட்டுக்குப் போனவள நம்ம கூடத்துல மாட்டி வைப்பியாம்மா? பாக்குறவுக காறித் துப்ப மாட்டாக?” என்றாள். அவள் மேல் வருத்தப்படாதே. தம்பி போன துக்கத்தை யார் மேல் காட்டுவது என்று தெரியாமல் கையில் அகப்பட்டவர்கள் மேலெல்லாம் காட்டுகிறாள். நானும் அந்த நேரத்தில் சரி என்றுதான் தலையாட்டினேன்.

அழகுசுந்தரம் எங்கள் கண் முன்னாலேயே வேலையை ஆரம்பித்தான். முதலில் உன் முகம் போனது. பிறகு புடவை போனது, அந்த இடத்தில் மரத்தூண் வந்து நின்றது. கடைசியில் தோளில் இருந்த கை. அதை எடுத்துவிட்டு, கை இருந்த இடத்தில் சட்டையை நிரப்பினான். கொஞ்சம்கூடத் தெரியவில்லை, வேலை தெரிந்தவன்தான். ஆனால் என் பிள்ளை அந்தத் தூணைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். பார்க்கச் சகிக்கவில்லை. பக்கத்தில் யாருமே இல்லாமல் ஒருவன் அப்படிச் சிரித்தால் பைத்தியம் என்றல்லவா சொல்வார்கள்?

அழகுசுந்தரம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “கண்ண நேராத் திருப்பிரலாம்மா, அஞ்சு நிமிச வேலை” என்றான். திருப்பியும் காட்டினான். கண் நேராக இருந்தது, பல் இருந்தது, மீசை இருந்தது, முத்தரசு இல்லை. அது யாரோ ஒருவன். “அவளத் திரும்ப வச்சுருப்பா, தயவுசெஞ்சு வச்சுரு” என்று ஸ்டுடியோவில் இருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்திவிட்டேன். அவன் பயந்துபோய் உன்னைப் பழையபடி கொண்டுவந்தான். முத்தரசு மறுபடி உன்னைப் பார்த்துச் சிரித்தபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

வெளியே வந்ததும் தீபலட்சுமி ஒரு கேள்வி கேட்டாள். உயிரோடு இருக்கிறவள் சேர்ந்திருக்கிற படத்துக்கு எப்படி மாலை போடுவாய் என்றாள். நியாயம்தான். உன் தலைக்கு மேல் மாலையைத் தொங்கவிட என் கை வருமா? குழந்தை வைத்திருப்பவள், இப்போதுதான் ஒரு வாழ்க்கை அமைந்தவள், உனக்கு ஆகாதது என் வீட்டில் நடக்கவே கூடாது. வீட்டுக்கு வந்து மாமாவிடம் சொன்னேன். அவர் வலிக்கிற காலோடு ஸ்டூலில் ஏறி, எதிர்ச் சுவரில் தானே ஆணி அடித்தார்.

அதனால் மாலையும் பொட்டும் விளக்கும் பழையபடி அந்த முழிக்கிற படத்துக்குத்தான். நீங்கள் இருவரும் இருக்கும் படம் எதிர்ச் சுவரில், மாலை இல்லாமல், சும்மா மாட்டியிருக்கிறது. அதன் முன்னால் நின்றால் எனக்கு அழுகை வருவதில்லை. ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு போயிருக்கக் கூடாதாடா என்று தினமும் அவனைத் திட்டிவிட்டுத்தான் அடுப்படிக்குப் போகிறேன். திதிக்கு வந்த பங்காளி வீட்டுப் பெண்கள் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்கள். ஒருத்தி கேட்டேவிட்டாள். அவன் சிரிப்பது அவளைப் பார்த்து, அவளை வெட்டிவிட்டால் அவனுக்குச் சிரிப்பு ஏது என்றேன். எல்லோரும் சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

ஆனால் உன்னிடம் கேட்காமல் மாட்டியது சரியா என்று எனக்கே உறுத்துகிறது. நீ இப்போது குருநாதனின் மனைவி. இந்தக் கடிதத்தை அவரிடமும் படித்துக் காட்டு, ஒளிக்க வேண்டாம். அவருக்குச் சங்கடம் என்றால் ஒரு வார்த்தை எழுது, கழற்றிப் பீரோவில் வைத்துக்கொள்கிறேன். வெட்டச் சொல்லாதே, அது மட்டும் என்னால் ஆகாது. இன்னொன்றும் கேட்க வேண்டும். அன்று அவன் காதில் அப்படி என்னதான் சொன்னாய்? எனக்குத் தெரிந்தாக வேண்டும். வெட்கமான பேச்சு என்றால் விட்டுவிடு.

இந்தப் பார்சலில் பாப்பாவுக்காக நான் எடுத்த படங்கள் இருக்கின்றன. நன்றாக விழுந்தவற்றைப் பார்த்து எடுக்கவில்லை. அப்பன் அவளைத் தொட்டுக்கொண்டிருக்கிற படங்களாகப் பார்த்து எடுத்தேன். ஒன்றில் தலையே தெரியாது, கை மட்டும் இருக்கும், அதுவும் அவன் கைதான். இப்போதே காட்டலாமா, வளர்ந்த பிறகா என்பது உன் விருப்பம். அவள் குருநாதனை அப்பா என்று கூப்பிடுவதாகக் கேள்விப்பட்டேன். கேட்ட அன்று சோறு இறங்கவில்லை, பொய் சொல்ல மாட்டேன். மறுநாள் யோசித்துப் பார்த்தேன். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க ஒரு ஆள் வேண்டுமே குழந்தைக்கு. நன்றாகக் கூப்பிடட்டும்.

தலைதீபாவளிக்கு அரியக்குடிக்கு உன் அப்பா வீட்டுக்கு வருவீர்கள். அங்கிருந்து நம் வீடு எவ்வளவு தூரம்? மூன்று பேருமாக ஒரு எட்டு வந்துவிட்டுப் போங்கள். யாரும் ஒன்றும் சொல்லாதபடி நான் பார்த்துக்கொள்கிறேன், என் வாய்க்கு இந்தத் தெருவே பயப்படும். வர முடியாவிட்டாலும் குற்றமில்லை.

உன் கல்யாணத்துக்கு மாமா மட்டும் வந்தார், நான் வரவில்லை. கோபம் என்று நினைத்திருப்பாய். கோபம் இல்லை தாயி, பயம். என் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நீ முதல் முதலாக என் காலில் விழுந்தபோது, தீர்க்க சுமங்கலியாக இரு என்று வாழ்த்தியவள் நான்தான். என் வாக்கு பலிக்கவில்லை. அதே வாயால் மறுபடியும் எப்படிச் சொல்வது என்று பயந்து வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். இப்போதும் பயமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் சொல்கிறேன், இந்தத் தடவையாவது சாமி கேட்கட்டும். குருநாதன் நூறு வயது இருக்க வேண்டும். நீ தீர்க்க சுமங்கலியாக இரு.

இப்படிக்கு,
என்றும் உன் அத்தை,
கோ. முத்தழகு.